மார்கழியிலேயே மொட்டு விரிந்தால்…
தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டின் பின்புறத்தில் பிளாக்கரண்ட், கூஸ்பெரி ஆகிய இருவகைப் பழப்புதர்களும் உள்ளன. இந்த டிசம்பரில் பகல் வெப்பம் 12 டிகிரிக்குக் குறையவில்லை. கூஸ்பெரி மொட்டுகளில் இப்போதே பச்சை தெரிகிறது. இனி உறைபனி வந்தால் கருகிவிடும் என்ற அச்சத்தில் தோட்டத்துணியால் மூட எண்ணுகிறேன். கவாத்து செய்து, உரமும் இட்டுவிடலாமா?
– வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: இப்போது மூட வேண்டாம், உரமும் வேண்டாம். இவை வட ஐரோப்பியக் குளிருக்குப் பழகிய செடிகள். உறக்கத்தில் இருக்கும் தண்டும் மூடிய மொட்டும் லண்டனில் விழும் எந்த உறைபனியையும் தாங்கிக்கொள்ளும். தாங்கள் அஞ்சவேண்டியது குளிரைவிடக் குளிர் போதாமையையே. பிளாக்கரண்ட் வசந்தத்தில் ஒழுங்காகப் பூப்பதற்கு, ஏறத்தாழ 0 முதல் 7 டிகிரி வரையிலான குளிரை அது நெடுநேரம் பெற்றிருக்கவேண்டும். பிரிட்டனின் பழைய ரகங்களுக்கு இது ஆயிரம் மணிநேரத்தையும் தாண்டும். அது நிறைவுறாவிட்டால் இலைகள் தாமதமாகவும் சீரின்றியும் விரியும், பூக்கள் குறையும், ஒரே கொத்தில் சில பழங்கள் கறுத்து நிற்கச் சில காயாகவே இருக்கும். மத்திய இங்கிலாந்தில் வழக்கமாக 5 டிகிரியை ஒட்டி நிற்கும் டிசம்பர் மாதச் சராசரி, 2015இல் 9.7 டிகிரியாக உயர்ந்தது. அத்தகைய மாதத்தில் துணியைப் போர்த்தினால், கிடைக்கும் கொஞ்சக் குளிரையும் நாமே தடுத்தவர்கள் ஆவோம்.

கூஸ்பெரியின் குளிர்த்தேவை குறைவு. அது விரைவில் நிறைவுற்றுவிடுவதால், அடுத்து வரும் இளவெப்பத்தை வசந்தம் என்று எடுத்துக்கொண்டு செடி தளிர்க்கத் தொடங்குகிறது. எனவே ஒரே தோட்டத்தில் ஒன்று முந்துவதும் மற்றொன்று பிந்துவதும் வியப்பில்லை. முந்திய தளிரில் சில கருகினாலும் பின்னால் உள்ள மொட்டுகள் அந்த இடத்தை நிரப்பும். உரமிட்டாலோ, மென்மையான தளிர்கள் மேலும் கிளம்பி இழப்பைப் பெருக்கும். மார்ச் வரை பொறுத்திருங்கள்.

கவாத்தைப் பொறுத்தவரை இரண்டையும் ஒன்றாகக் கருதக்கூடாது. பிளாக்கரண்ட் பெரும்பாலும் முந்தைய ஆண்டில் வளர்ந்த கிளைகளில் காய்ப்பதால், இலைகள் முற்றிலும் உதிர்ந்தபின், கறுத்துத் தடித்த மிகப் பழைய கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை நிலமட்டத்திலேயே வெட்டிவிடலாம்; வெளிர்பழுப்பு நிறக் கிளைகளைத் தொடவேண்டாம். மிதமான ஆண்டுகளில் இலை தாமதித்தே உதிரும், ஆகவே நாட்காட்டியைப் பார்க்காமல் செடியைப் பார்த்து வெட்டுங்கள். கூஸ்பெரியையோ பிப்ரவரி இறுதி வரை விட்டுவைப்பது நல்லது. அதன் மொட்டுகளைக் கொத்தித் தின்னும் புல்ஃபிஞ்ச் குருவிகள் எவ்வளவை விட்டுவைத்தன என்று தெரிந்த பிறகு வெட்டுவதே புத்திசாலித்தனம்.

கத்தரியைக் கையில் எடுக்கும்போதே பிளாக்கரண்ட் மொட்டுகளையும் கூர்ந்து நோக்குங்கள். நல்ல மொட்டு ஒல்லியாகவும் கூர்மையாகவும் இருக்கும். பட்டாணி போல் உருண்டு வீங்கிய மொட்டு இருந்தால், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன்கள் ஆயிரக்கணக்கில் குடியிருக்கின்றன என்று பொருள். வசந்தத்தில் அவை வெளியேறிப் பரவும். காய்ப்பையே கெடுக்கும் வைரஸ் ஒன்றையும் கொண்டுசெல்லும். அந்த மொட்டுகளைக் கிள்ளி அழித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். புதர் முழுவதும் அப்படியிருந்தால் வேரோடு அகற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

துணிக்கு வேலை பூக்கும் பருவத்தில்தான். விரிந்த பூவை −2 டிகிரி அளவிலான குளிரே கெடுத்துவிடும். அப்போது, உறைபனி எதிர்பார்க்கப்படும் மாலையில், பூக்களில் படாதவாறு குச்சிகளை நட்டுத் துணியைப் போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள். பகலிலும் மூடிவைத்தால் தேனீக்கள் வர இயலாது.

கேள்வி: தொட்டியில் வளரும் புளூபெரியைக் கண்ணாடி அறைக்குள் வைத்துள்ளேன். சரியா?
– வாசகர், கிராய்டன்

பதில்: வெளியே எடுத்துவிடுங்கள். அதற்கும் குளிர் தேவை. வெயில் படும் சுவரை விட்டு, வடக்குப் பார்த்த நிழலில் வைப்பது இன்னும் நல்லது. கடும் உறைபனி நாட்களில் வேர் உறையாதிருக்கத் தொட்டியை மட்டும் சாக்கால் சுற்றலாம். தங்கள் பகுதிக் குழாய்நீரில் சுண்ணாம்பு மிகுதி, புளூபெரியோ அமில மண்ணையே விரும்பும். ஆகவே மழைநீரையே ஊற்றிவாருங்கள்.

கேள்வி: இலையுதிர்காலத்தில் காய்க்கும் ராஸ்பெரி டிசம்பரிலும் பச்சையாகவே நிற்கிறது. இப்போதே வெட்டிவிடலாமா?
– வாசகி, பர்மிங்காம்

பதில்: பிப்ரவரி வரை விட்டுவையுங்கள். இளவெப்பத்தில் இப்போதே வெட்டினால், அடியிலிருந்து புதுமுளைகள் அவசரமாகக் கிளம்பி ஜனவரி உறைபனியில் சிக்கக்கூடும். பிப்ரவரியில் எல்லாத் தண்டுகளையும் நிலமட்டத்துக்கு வெட்டி, களைகளைக் கையாலேயே பிடுங்குங்கள்; மண்ணைக் கொத்தினால் மேலாக ஓடும் வேர்கள் அறுபடும். அதன்பின் ஈர மண்ணின்மேல் மக்கிய உரத்தால் மூடாக்கு இட்டால் போதும்.