உறவினரோ நண்பரோ குற்றம் செய்தது தெரிந்தால் போலீசில் சொல்வீர்களா? அது துரோகம் ஆகாதா?

ஒருமுறை சொல்ல வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒருமுறை சொல்லாமல் விட்டும் இருக்கிறேன். இரண்டையும் எழுதுகிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சேலத்தில் பனங்காடு பக்கம் சின்னதாக ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். 2023 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி இருக்கும், சித்தி மகன் காரோடு வந்து நின்றான். பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. "அண்ணா, ஒரு வாரம் வண்டி இங்க நிக்கட்டும்" என்றான். கையோடு தார்ப்பாயும் கொண்டுவந்திருந்தான். எனக்கு உறுத்தியதே அந்தத் தார்ப்பாய்தான். வண்டியைத் துடைக்கக்கூடச் சோம்பல்படுகிறவன் அவன்.

"ஏற்காட்டுலருந்து இறங்குறப்ப மாடு குறுக்க வந்துருச்சுண்ணா."

அவன் முகம் கழுவப் போன நேரத்தில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். இடப்பக்க ஹெட்லைட் நொறுங்கியிருந்தது. பம்பர் உள்ளே போயிருந்தது. உடைந்த பிளாஸ்டிக் முனையில் நீலக் கம்பளி நூல் ஒரு விரல் நீளத்துக்குச் சுற்றிக்கொண்டு தொங்கியது. மாடு ஸ்வெட்டர் போடாது.

கேட்டதும் உட்கார்ந்து அழுதுவிட்டான். சனிக்கிழமை என்பதால் அடிவாரம் வழியில் கூட்டமாக இருக்குமென்று குப்பனூர் வழியாக இறங்கியிருக்கிறான். இரவு ஒன்பது மணி. ஒரு பெரியவர் எக்ஸ்எல் வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். இடித்துவிட்டுக் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தியிருக்கிறான். கண்ணாடியில் டார்ச் வெளிச்சமும் ஆட்கள் ஓடி வருவதும் தெரிந்ததும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டான். "அடிச்சே கொன்னுருவாங்கன்னு பயந்துட்டேன்ணா." குடித்திருந்தானா என்று கேட்டேன். இல்லை என்றான். இன்றுவரை அது எனக்குத் தெரியாது.

கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் நண்பர் ஒருவருக்குப் போன் போட்டேன். "யாருக்கோ" என்றுதான் ஆரம்பித்தேன். அவருக்கா தெரியாது? அன்று அவர் சொன்ன இரண்டு விஷயங்கள்தான் எனக்குப் பாதை காட்டின.

ஒன்று, மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவு. விபத்து செய்த டிரைவர் அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்க வழி செய்ய வேண்டும். ஊர்க் கூட்டம் ஆத்திரத்தில் இருந்து நிற்க முடியாமல் போனால் என்ன செய்வது என்பதையும் அந்தச் சட்டமே யோசித்திருக்கிறது, அதற்கு விலக்கு கொடுக்கிறது. ஆனால் பக்கத்து ஸ்டேஷனில் சீக்கிரமாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள், போய்ச் சொல்லியாக வேண்டும். அதாவது அவன் ஓடியது பயத்தில் என்று வைத்துக்கொண்டாலும், அன்று இரவு ஒன்பது மணிக்குப் பிறகு அந்தப் பயம் செல்லாது.

இன்னொன்று பணம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. இடித்த வண்டி எது என்று தெரிந்தால், அடிபட்டவர் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி கட்டும். காலொடிந்த கூலி வேலைக்காரருக்கு வைத்தியச் செலவு, வேலை இழப்பு, ஊனம் எல்லாம் கணக்கில் வரும். வண்டி தெரியவில்லை என்றால் 2022 ஏப்ரலில் வந்த திட்டத்தின்படி இறந்தால் 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். அவ்வளவுதான். அதற்கும் தாசில்தார் ஆபீசுக்கு நடக்க வேண்டும். நாம் வாயை மூடிக்கொண்டு இருந்தால், அடிபட்டவரின் பணத்தையும் சேர்த்து மூடி வைக்கிறோம் என்று அர்த்தம்.

மதியம் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். பெரியவரை 108இல் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். தொடை எலும்பு முறிவு, உயிருக்கு ஆபத்தில்லை. வெளியே வராந்தாவில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் ஒற்றைச் செருப்பும் அந்த நீல ஸ்வெட்டரும். வேறு யாரையோ பார்க்க வந்தவன் என்று நினைத்து, நான் கேட்காமலே சொன்னார்: "வண்டி நம்பர் யாருமே பாக்கலைங்க தம்பி." சட்டைப் பையில் ஐந்நூறு ரூபாய் இருந்தது. எடுக்கக் கை போனது, எடுக்கவில்லை. அதைக் கொடுத்திருந்தால் அப்புறம் ஸ்டேஷனுக்குப் போகாமல் இருக்க எனக்கே ஒரு சாக்கு கிடைத்திருக்கும்.

சாயங்காலம் தம்பியிடம் சொன்னேன். "ஒன்பது மணிக்குள்ள போலாம். நான் கூட வர்றேன். நீ வரலேன்னா நான் தனியாப் போவேன்." அவன் வராமல் இருந்திருந்தால் உண்மையிலேயே போயிருப்பேனா? போயிருப்பேன் என்று எழுதத்தான் ஆசை. சத்தியமாகத் தெரியவில்லை.

சித்திக்கு விஷயம் போய்விட்டது. ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருந்த இரண்டு வருஷம் நான் வளர்ந்தது அவர் வீட்டில்தான். "உனக்கும் இந்தக் கையாலதான் கண்ணு சோறு போட்டேன்" என்றார். வேறு எதற்கும் பதில் சொல்லியிருப்பேன், அதற்குப் பதில் இல்லை. நீங்கள் கேட்ட துரோகம் என்ற வார்த்தையையும் அவர்தான் முதலில் சொன்னார். அப்போது தம்பியே எழுந்து செருப்பைப் போட்டான். அவன் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

எட்டேகாலுக்கு ஸ்டேஷன். ரைட்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "தானா வந்து நிக்கிறவனப் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார். வேகமாக, கவனமில்லாமல் ஓட்டியதற்கும் பலத்த காயம் ஏற்படுத்தியதற்கும், அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 279, 338. இரண்டுமே ஜாமீனில் விடக்கூடியவை. ஸ்டேஷன் ஜாமீனில் அன்றிரவே வீட்டுக்கு வந்தான். கார் மட்டும் அங்கே நின்றது, பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கும்வரை. பிறகு கோர்ட்டில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். லைசென்ஸ் சில மாதம் முடங்கியது. ஒரு இரவெல்லாம் எதை நினைத்து நடுங்கினானோ அதில் பாதிகூட நடக்கவில்லை. பெரியவர் இறந்திருந்தால் கதை வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரியவரின் வழக்கு லோக் அதாலத்தில் முடிய ஒன்றரை வருஷம் ஆனது. கிடைத்த தொகை அந்த ஐம்பதாயிரத்தைவிடப் பல மடங்கு. ஆனாலும் அவர் இப்போது கோல் ஊன்றித்தான் நடக்கிறார்.

இனி சொல்லாமல் விட்ட கதை. மனைவி வழியில் தம்பி முறையாகும் ஒரு பையன் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தான். எங்கள் தொழிலில் தரையைக் கூட்டின குப்பையைக்கூட வீச மாட்டோம், அதிலும் வெள்ளி இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் நாலு மாதமாக எடை உதைத்தது. கடைசியில் அவன் சாப்பாட்டு டப்பாவில் சாம்பார் கிண்ணத்துக்கு அடியில் முத்து முத்தாக வெள்ளிக் கழிவு. கொலுசு செய்ய வியாபாரி கொடுத்த வெள்ளிதான் அது, ஆனால் குறைந்த எடையை என் கூலியிலிருந்து நான் ஏற்கெனவே ஈடுகட்டிவிட்டேன். அதனால் நஷ்டம் என்னுடையது. என் நஷ்டத்தை நான் மன்னிக்கலாம். பையனை நிறுத்திவிட்டேன், போலீசுக்குப் போகவில்லை. இப்போது வேறு வேலையில் ஒழுங்காக இருப்பதாகக் கேள்வி. பெரியவரின் தொடை எலும்பை அப்படி மன்னிக்க நான் யார்?

சட்டமும் எல்லாக் குற்றத்தையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 33ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. கொலை, வழிப்பறி, கொள்ளை, பணம் கேட்டு ஆளைக் கடத்துவது, கள்ள நோட்டு மாதிரியானவை. இவை தெரிந்தால் யாராக இருந்தாலும் தகவல் சொல்ல வேண்டும், சொல்லாததற்குத் தக்க காரணம் இருந்தால் அதை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. சாதாரணத் திருட்டு அந்தப் பட்டியலில் கிடையாது. என் தம்பி செய்தது மாதிரியான விபத்தும் கிடையாது. அதற்காக நிம்மதியாகிவிட வேண்டாம். சும்மா இருப்பது வேறு, மறைக்க உதவுவது வேறு. தெரிந்தே அந்தக் காரை என் கொட்டகையில் வைத்து டிங்கர் வேலை பார்க்க விட்டிருந்தால் தடயத்தை அழித்த குற்றத்தில் நானும் மாட்டியிருப்பேன். குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுக்கும் குற்றத்தில் விலக்கு கணவன், மனைவிக்கு மட்டும்தான். பெற்ற தாய்க்குக்கூட இல்லை.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் என்றால் இந்த யோசனைக்கே இடமில்லை. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர், ஏன், சந்தேகப்படுகிறவர்கூடச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு வராது என்றும் அதிலேயே இருக்கிறது. "குடும்ப மானம்" என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிக்கிற கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் எழுந்து வெளியே வந்து 1098க்குப் போன் போடுங்கள். மாமாவாக இருந்தாலும் சரி, தாத்தாவாக இருந்தாலும் சரி.

தம்பி இப்போதும் வீட்டுக்கு வருகிறான். சித்தி என்னிடம் பேசுவதில்லை. பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் நேருக்கு நேர் பார்த்தும் பந்திப் பக்கம் திரும்பிக்கொண்டார். போன தீபாவளிக்கு மட்டும் அவன் கையில் ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய முறுக்கு வந்தது. டப்பாவை மறக்காமல் திருப்பி அனுப்பச் சொன்னாராம். வெறும் டப்பாவாக அனுப்பக் கூடாது என்று என் மனைவி அதில் சர்க்கரை போட்டு அனுப்பினாள்.