நாட்டுக்கோழித் தீவனத்தில் ரத்தத்தூள்: சோயாவுக்கு ஈடாகுமா?

கேள்வி: ஊத்தங்கரை அருகே நாட்டுக்கோழி வளர்க்கிறேன், மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கலந்து தீவனத்தை நானே அரைத்துக்கொள்கிறேன். மாட்டு ரத்தத்தை உலர்த்திய தூளில் 80 சதவீதம் புரதம் உண்டு என்கிறார் வியாபாரி. சோயாவை நிறுத்திவிட்டு இதையே சேர்க்கலாமா? கறவை மாட்டுக்கும் வைக்கலாமா?

பதில்: சோயாவை நிறுத்த வேண்டாம். வியாபாரி சொல்லும் கணக்கு பொய்யல்ல. ரத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு நீர் என்பதால், உலர்த்தியபின் எஞ்சுவது பெரும்பாலும் புரதமே. ஆனால் கோழி வளர்வதற்கு அந்தப் புரதத்தைக் கட்டும் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்கள் (லைசின், லூசின், ஐசோலூசின், மெத்தியோனின் போன்றவை) உரிய விகிதத்தில் அமைந்திருக்க வேண்டும்.

ரத்தத்தூளில் லைசின் 7 முதல் 8 சதவீதம் வரை இருக்கிறது. சோயாப் புண்ணாக்கில் அது ஏறக்குறைய 3 சதவீதம்தான். ஐசோலூசினோ ரத்தத்தூளில் 1 சதவீத அளவிலேயே உள்ளது, ஏனெனில் ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின் புரதத்தில் அது இயல்பாகவே மிகக் குறைவு. லூசின் இந்தத் தூளில் மிகுதி, மக்காச்சோளப் புரதத்திலும் மிகுதி. லூசின் மிகும்போது உள்ள கொஞ்ச ஐசோலூசினும் உடலில் சிதைந்து வீணாவதால், ரத்தத்தூளையும் மக்காச்சோளத்தையும் மட்டுமே நம்பிய கலவையில் குஞ்சுகள் தீவனம் எடுப்பது குறைந்து வளர்ச்சி தேங்கிவிடும்.

ஆகவே 100 கிலோ தீவனத்துக்கு 2 முதல் 3 கிலோவுக்கு மேல் போகாதீர்கள். எள்ளுப் புண்ணாக்கில் லைசின் குறைவு, மெத்தியோனின் நிறைவு. ரத்தத்தூளின் தன்மை இதற்கு நேர்மாறு என்பதால் இரண்டையும் சேர்ப்பது நல்ல பொருத்தம். உப்பில்லாக் கருவாட்டுக்கு மாற்றாக இதை எண்ண வேண்டாம். கருவாடு தரும் கால்சியமும் பாஸ்பரசும் இதில் சொற்பம்.

வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது உலர்த்திய முறையைத்தான். கொப்பரையில் நெடுநேரம் காய்ச்சினால் லைசின் கெட்டு, புரதம் செரிக்காமல் கழிவாகிவிடும். நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிடும் கச்சாப் புரதச் சோதனையோ அப்போதும் அதே 80-ஐக் காட்டும். யூரியா கலந்திருந்தாலும் அந்த எண் உயரும். நல்ல தூள் செம்பழுப்பாக, உதிரியாக இருக்கும். கறுத்துத் தீய்ந்த வாடை வந்தாலோ, ஈரம் கோத்துக் கட்டிதட்டியிருந்தாலோ வாங்காதீர்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தை அணுகி, புரதம் எந்த அளவு செரிக்கும் என்று காட்டும் பெப்சின் செரிமானச் சோதனை பற்றியும் கேளுங்கள்.

கறவை மாட்டுக்குக் கட்டாயம் வைக்கக் கூடாது. மேட் கவ் எனப்படும் மூளை நோய் பிரிட்டனில் மாட்டு இறைச்சி, எலும்புத் தூள் கலந்த தீவனம் வழியாகவே பரவியது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளும் கோழி, பன்றி, மீன் தவிர்த்த கால்நடைகளுக்கு மாட்டு ரத்தத்தூளை விலக்கியிருக்கின்றன. மாட்டுத் தீவனத்தையும் அதே இயந்திரத்தில் அரைப்பவரானால், அதை முதலில் அரைத்து எடுத்துவிட்டு, ரத்தத்தூள் கலந்த கோழித் தீவனத்தைக் கடைசியில் அரைத்து, இயந்திரத்தை நன்றாகத் துடைத்து வையுங்கள்.