யாழ்ப்பாணக் குடாநாட்டில் கல் அம்புமுனை கிடைக்குமா? – கேள்வி பதில்

கேள்வி (சாவகச்சேரி): அண்ணை, தோட்டம் கொத்தேக்கை முக்கோணமா வெள்ளைக்கல் ஒண்டு வந்தது. படம் போட்டிருக்கிறன். அம்புமுனைதானே?

பதில்: படத்தைப் பெருப்பிச்சுப் பார்த்தனான். படிகக்கல்தான் (குவாட்ஸ்), சரி. ஆனால் உங்கட ஒழுங்கைக்கு எப்பவாவது கிறவல் பறிச்சவையோ? எங்கட நிலத்துக்குக் கீழை கிடக்கிறது சுண்ணக்கல். அதிலை படிகக்கல் இப்பிடிக் கட்டியாய் வராது. அப்ப இங்கை கிடக்கிற துண்டு ஒண்டில் வன்னியிலையிருந்து லொறியிலை வந்தது, இல்லாட்டி ஒரு மனிசன் கையிலை கொண்டுவந்தது. முதலாவதைத்தான் நான் கனதரம் கண்டிருக்கிறன்.

கேள்வி (இணுவில்): மனிசன் உடைச்சதெண்டு எப்பிடிப் பிடிக்கிறது?

பதில்: செர்ட் எண்ட வழவழப்பான, இறுகின கல்லெண்டால் சுகம். அடி விழுந்த புள்ளிக்குக் கீழை சின்னப் புடைப்பு இருக்கும், அதிலையிருந்து குளத்திலை கல்லெறிஞ்ச மாதிரி அலையலையாய்க் கோடு ஓடும். படிகக்கல் கள்ளன். நொருங்கிப்போகும், ஒண்டையும் காட்டாது. அதுக்கு விளிம்பைப் பாக்கவேணும். ஒரு பக்கம் சவர அலகு மாதிரிக் கூர், மற்றப் பக்கம் பொடிப்பொடியாய்க் கொத்தி மழுக்கியிருந்தால் கை பட்ட கல். மழுக்கின பக்கத்தைத்தான் பிசின் வைச்சுத் தடியிலை பொருத்திறது. பிறை, முக்கோணம், சரிவகம் எண்டு வரும், ஒவ்வொண்டும் விரல்நகத்தளவு. இதுகளைத்தான் நுண்கற்கருவி எண்டுறது. சாவகச்சேரித் தம்பியின்ரை கல்லிலை நாலு பக்கமும் ஒரே மொட்டை.

கேள்வி (கனடா): அமெரிக்கப் பழங்குடிகளின்ரை மாதிரி முழு முனை இங்கை இல்லையா?

பதில்: இருக்கு, ஆனால் கிடைக்கிறது அருமை. ரெண்டு பக்கமும் செதுக்கின சின்ன முனையை இலங்கையிலை ‘பலாங்கொடை முனை’ எண்டுவினம். எதிர்க்கரையிலை, தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி எண்ட செம்மணல் மேடுகளிலையும் இருபுறம் செதுக்கின முனைகள் எடுத்திருக்கினம். கல்லை மட்டும் தேடாதேங்கோ. களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கலக் குகையிலை எலும்பு முனைகள் கிடைச்சது, 48,000 வருசம் வரை போகுது. குரங்கு, அணில் வேட்டைக்கு வில்லம்பு பாவிச்சிருக்கினம் எண்டு 2020இலை ஆய்வாளர்கள் எழுதினவை.

கேள்வி (கரவெட்டி): தெற்கிலை அவ்வளவு பழசு. எங்களிட்டை ஏன் இல்லை?

பதில்: இதைத்தான் கேக்கவேணும். 20,000 வருசத்துக்கு முன்னம் கடல் இப்பத்தையைவிட 120 மீற்றரளவு கீழை. பாக்கு நீரிணையோ பெரும்பகுதி பதினைஞ்சு மீற்றரும் ஆழமில்லை. அப்ப பருத்தித்துறையிலை கடற்கரையே இல்லை, கோடிக்கரைக்கு நடந்து போகலாம். கடைசியாய்க் கடல் பிரிச்சது ஏறக்குறைய 7,000 வருசத்துக்கு முன்னம். அந்தச் சனம் இருந்த கரையெல்லாம் இண்டைக்கு மீன்பிடி வள்ளத்துக்குக் கீழை. மிஞ்சினதைத் தெற்கே போய்த்தான் பாக்கவேணும்: இரணைமடுச் செம்மணல், பூநகரி, மன்னார்ப் பக்கத்து மாந்தை. மாந்தையிலை துறைமுகப் பட்டின மண்ணுக்கும் அடியிலை நுண்கற்கருவி வந்தது. வேலணைத் தீவின்ரை சிப்பிமேட்டிலையும் கல்லுக்கருவி கிடைச்சிருக்கு, ஏறக்குறைய 3,500 வருசம். கல்லில்லாத தீவுக்குக் கல்லை மடியிலை கட்டிக்கொண்டு போயிருக்கினம்!

கேள்வி (மானிப்பாய்): ஆனைக்கோட்டையிலை கிண்டி எடுத்த எலும்புக்கூடும் அந்தக் காலமோ?

பதில்: இல்லை. அது பெருங்கற்காலம், இரும்பு வந்திட்டுது. கறுப்பு-சிவப்புச் சட்டி, பிராமி எழுத்து முத்திரை எல்லாம் கூடவே வந்தது.

கேள்வி (கிளிநொச்சி): என்னட்டை உண்மையிலேயே நல்லதொண்டு இருக்கு, சேர். வயசு பாக்கலாமா? கழுவி வைச்சிருக்கிறன்.

பதில்: ஐயோ, ஏன் கழுவினீங்கள்! கல்லைக் காபன் சோதிக்க ஏலாது. கூடக் கிடந்த கரியையோ சிப்பியையோதான் சோதிக்கிறது, இல்லாட்டி சுத்தியிருந்த மணல் கடைசியாய் வெயில் கண்ட காலத்தைக் கணக்கிடுறது. என்ரை மேசை லாச்சியிலையும் பூநகரியிலை பொறுக்கின சரிவகம் ஒண்டு கிடக்கு, பதினைஞ்சு வருசமாய். கண்ணாடி மாதிரி, அவ்வளவு வடிவு. எந்தக் காணி, எவ்வளவு ஆழம் எண்டு எழுதிவைக்கேல்லை, அதாலை ஒருத்தருக்கும் பிரயோசனமில்லை. உங்களுக்கு எடுத்த இடம் இன்னும் ஞாபகமிருந்தால் இண்டைக்கே எழுதிவையுங்கோ. திரும்பப் போய்க் கிண்டவேண்டாம்.