ரெண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்தினால் என்ன செய்வது?

பாளையங்கோட்டையில் 10 வயது அண்ணனும் 7 வயது தங்கையும் எதற்கெடுத்தாலும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், ஒருத்தர் சொல்வதை மற்றவர் கேட்பதே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

சண்டை உச்சத்தில் இருக்கும்போது எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது. முதலில் ஆளுக்கொரு சொம்பு தண்ணீர், ஒருத்தர் வாசல் திண்ணையில், ஒருத்தர் அடுப்படியில், 10 நிமிஷம்.

பிறகு ஒரு கரண்டியைக் கொடுங்கள். கரண்டி யார் கையிலோ அவர்தான் பேச வேண்டும், அதிகபட்சம் 1 நிமிஷம். பேசி முடித்ததும் மற்றவர் பதில் சொல்லக்கூடாது. கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "நான் கேக்காம உன் கலர் பென்சிலை எடுத்ததுதான் உனக்குக் கோவம், சரியா?" தங்கச்சி "ஆமா" என்ற பிறகே கரண்டி அண்ணன் கைக்குப் போகும். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வலியுறுத்தியதும் இதைத்தான். பதிலை யோசித்துக்கொண்டே கேட்பவனால் திருப்பிச் சொல்ல முடியாது, அதனால் வேறு வழியில்லாமல் காது கொடுப்பான்.

"எல்லாத்தையும் நீதாம்ட்டி கெடுக்க" என்று திருப்பினால் அது கணக்கில் வராது. மறுபடி சொல்லச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் கெடுப்பது நாம்தான். "ஏலே, நீ பெரியவம்லா, விட்டுக்குடு" என்றால் அண்ணன் கேட்பதை நிறுத்திவிடுவான். அழுதால் ஜெயிக்கலாம் என்று சின்னவள் படித்துக்கொள்வாள். யார் ஆரம்பித்தது என்ற விசாரணையும் வேண்டாம்.

கடைசித் துண்டு அல்வாவுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை: ஒருத்தர் வெட்டட்டும், மற்றவர் முதலில் எடுக்கட்டும். கைநீட்டினால் மட்டும் கரண்டியை ஓரம் வைத்துவிட்டு உடனே பிரித்துவிடுங்கள்.