மலையேறும் சைக்கிளும் பிளேன்டீயும்

அன்புள்ள அக்கா,

எங்களுடையது தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். நான் கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்கிறேன். அப்பா இல்லை. அம்மா கொழுந்தெடுக்கிறார். தம்பிக்கு 16 வயது. சனி, ஞாயிறுகளில் ஒரு ரொட்டியும் பிளேன்டீயும் சாப்பிட்டுவிட்டு விடியமுன் சைக்கிளோடு கிளம்பி, லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியா வரை ஏறிவிட்டு வருகிறான். பாதியில் சில நாள் தலை சுற்றுகிறதாம், ஆனாலும் விடமாட்டான். கொலம்பியாவின் ஈகன் பெர்னால் மாதிரி தொழில்முறை சைக்கிள் வீரனாக வேண்டுமாம். ஏற்றம் மலைக்காரர்களான எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது, கொலம்பியாக்காரர்களுக்கு இருப்பது போல. என் சேமிப்பில் அவனுக்கு ரேஸ் சைக்கிள் வாங்கிக் கொடுக்கலாமா? எது நல்லது? இதை நம்பி அவன் வாழ முடியுமா? ராணுவ அணியில் சேர்வதுதான் வழி என்கிறார்கள், சரியா? விளையாட்டைப் பற்றி நீங்கள் எழுதுவதே இல்லை, இதற்காவது பதில் எழுதுங்கள்.

ர., தலவாக்கலை

அன்புள்ள தம்பி,

விளையாட்டைப் பற்றி எழுதுவதில்லை என்ற குறை இருக்கட்டும். அப்பாவின் இடத்தில் நின்று தம்பியின் ஆசைக்குச் சேமிப்பை எடுத்து வைக்கிறீர்களே, அதைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. அதனால்தான் திட்டுகிற உரிமையை எடுத்துக்கொள்கிறேன். தலை சுற்றுவதைப் போய் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். 16 வயதுப் பொடியனுக்கு ஏற்றத்தில் தலை சுற்றினால் அண்ணன்காரன் பயப்பட வேண்டாமா?

இந்த ‘ரத்தத்திலேயே இருக்கிறது’ என்ற பேச்சு கொஞ்ச நாளாகவே என்னை உறுத்திக்கொண்டிருந்தது. தேயிலை விளம்பரங்களில் எங்கள் பெண்களின் விரல்கள் கொழுந்து கிள்ளுவதற்கென்றே அமைந்தவை என்பது போல எழுதுவார்கள். என் அம்மாவின் விரல்களை நான் பார்த்திருக்கிறேன். ஆட்காட்டி விரலின் ஓரம் நெடுக வெடிப்பு, வெடிப்புக்குள் கறுப்பாய் இறங்கிய சாயக்கறை, பண்டிகைக்குத் தேசிக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பிறவியிலேயே வந்தது என்று சொல்லிவிட்டால் அந்த வெடிப்புக்கு யாரும் கூலி கொடுக்க வேண்டியதில்லை, சாப்பாடு போட வேண்டியதில்லை. நம்மைப் பற்றி மற்றவர்கள் சொன்ன அந்தப் பொய்யை இப்போது நாமே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

சரி, கொலம்பியாவுக்கு வருவோம். பெர்னால் வளர்ந்த சிபாகிரா கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையிலேயே உயரமான நம் பிதுருதலாகலையின் உச்சியே 2,524 மீட்டர்தான். தலவாக்கலை அதில் பாதியைக்கூட எட்டாது. உயரத்தால் உடம்புக்குக் கிடைக்கும் அனுகூலம் ஏறக்குறைய 2,000 மீட்டருக்கு மேலேதான் உருப்படியாகத் தொடங்குகிறது. அந்தக் கணக்கில் உங்கள் தோட்டம் சமவெளிக்குத்தான் கிட்ட.

உயரத்தை விடுங்கள். கொலம்பியாவில் 1951 முதல் நாட்டைச் சுற்றும் சைக்கிள் பந்தயம் நடக்கிறது. 1980களில் காப்பி விவசாயிகளின் கூட்டமைப்பு காஃபே தெ கொலம்பியா என்ற பெயரில் ஓர் அணிக்கே காசு போட்டது. அந்த அணியில் ஓடித்தான் லூச்சோ எர்ரேரா 1987இல் ஸ்பெயினைச் சுற்றும் வுவெல்டா பந்தயத்தை வென்றார். பெர்னாலின் அம்மா பூந்தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர், அப்பா காவலாளி. ஆனால் அந்தப் பையன் ஓடுவதற்குச் சின்ன வயதிலேயே பந்தயங்கள் இருந்தன. 17 வயதில் உலக ஜூனியர் மலைச்சைக்கிள் போட்டியில் வெள்ளி வாங்கினான், 2016இல் ஓர் இத்தாலிய அணி எடுத்துக்கொண்டது, 2019இல் 22 வயதில் உலகின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸை வென்றான். எங்கள் மலையிலும் முதலில் காப்பிதான் போட்டார்கள், நோய் வந்து அழிந்தபின் தேயிலை. அந்தத் தேயிலை ஒரு சைக்கிள்காரனைத் தூக்கிவிட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

இனி நிஜமான ரத்தத்தைப் பேசுவோம். உயரத்துக்குப் போனால் காற்றில் பிராணவாயு குறையும். உடனே சிறுநீரகம் ஒரு ஹார்மோனைச் சுரந்து, சிவப்பணுக்களைக் கூட்டச் சொல்லும். ஏற்றத்தில் காலுக்குப் பிராணவாயுவைச் சுமந்து போவது அந்தச் சிவப்பணுக்கள்தான். அவற்றைக் கூட்டத்தான் சில வீரர்கள் அதே ஹார்மோனை ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கிடமிருந்து 7 டூர் டி பிரான்ஸ் பட்டங்களை 2012இல் பறித்தார்களே, அந்த விவகாரத்தின் நடுவில் இருந்ததும் இந்த ஊசிதான். ஆனால் உடம்பில் இரும்புச்சத்து இல்லாவிட்டால் மலையில் வாழ்ந்தாலும் சிவப்பணு உருவாகாது.

நம் தோட்டங்களில் என்ன நடக்கிறது? 2016ஆம் ஆண்டு சுகாதாரக் கணக்கெடுப்பில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டங்களில் 32 வீதம். ஏற்றம் ரத்தத்தில் இருப்பதாக நீங்கள் சொல்லும் பிள்ளைகள் இவர்கள்தான்.

எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் ஓர் அண்ணன் இருந்தார். தோட்டத்தில் அவரைப் போல் சைக்கிள் மிதிக்க ஆளில்லை. ஒரு சித்திரைப் புத்தாண்டுப் போட்டியில் கோயில் முடக்கு வரைக்கும் அவர்தான் முன்னால். நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் மதிலில் ஏறி நின்று கத்தினோம். முடக்கில் திரும்பியவர் சைக்கிளை நிறுத்தவுமில்லை, மிதிக்கவுமில்லை, அப்படியே கானுக்குள் சாய்ந்துவிட்டார். காதருகே பெடல் சுற்றிக்கொண்டே இருந்தது. டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரையா அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு, ரொட்டியும் பிளேன்டீயும் என்றார். நேற்று? அதே. ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? ‘அவனுக்கு மனசில் உறுதி இல்லை.’ அந்தப் பேச்சைத் தாங்காமல்தான் அவர் சைக்கிளை விற்றுவிட்டுக் கொழும்புக்கு ஹோட்டல் வேலைக்குப் போனார். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ரொட்டியில் இரும்புச்சத்து கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் கூடவே குடிக்கும் தேத்தண்ணியின் சாயம் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்கிறது. பருப்பு, கீரையில் உள்ள சத்துக்கும் இதே கதிதான். நாம் பறிக்கும் கொழுந்து கோப்பைக்குள் வந்தும் நம் ரத்தத்தைக் குறைக்கிறது. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, மலைக் குளிரில் அது இல்லாமல் எப்படி? சாப்பிட்டு ஒரு மணி நேரம் போகட்டும், அப்புறம் குடிக்கட்டும். சாப்பாட்டோடு தேசிக்காய்ப் புளியோ ஒரு கொய்யாவோ இருந்தால் சத்து நன்றாகச் சேரும். நெத்தலிக் கருவாடு, மீன், முடிந்தபோது ஈரல். நீங்கள் சைக்கிளுக்கென்று வைத்திருக்கும் காசில் முதலில் இதை வாங்குங்கள். சரியாகச் சாப்பிடாத பிள்ளைக்கு எத்தனை லட்ச ரூபாய்ச் சைக்கிளும் சுமைதான்.

இதை நம்பி வாழ முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். உலகில் மேல்மட்ட அணிகள் 18தான், ஓர் அணியில் கூடிப்போனால் 30 பேர். அவர்களிலும் பலர் தண்ணீர்ப் போத்தல் சுமந்து, அணித் தலைவனுக்காக முன்னால் போய்க் காற்றைக் கிழித்து, ஒரு பந்தயமும் வெல்லாமல் 35 வயதுக்குள் ஓய்ந்துவிடுகிறார்கள். அதுவும் கௌரவமான தொழில்தான், சம்பளம் உண்டு. அங்கே போய்ச் சேர்வது கஷ்டம்தான், ஆனால் நடக்காது என்று சொல்ல நான் யார்? 17, 18 வயது ஜூனியர் பிரிவு, அதனால் அவனுக்கு அடுத்த வருடம் முக்கியம். ராணுவத்துக்கும் கடற்படைக்கும் விமானப்படைக்கும் அணிகள் இருக்கின்றன. சேர்வதா வேண்டாமா என்பதை அம்மாவும் நீங்களும் அவனும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன்.

ஹெல்மெட் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. 2022 ஜனவரியில் பெர்னாலே பயிற்சியின்போது நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் பின்னால் மோதி முள்ளந்தண்டும் தொடையெலும்பும் முறிந்து கிடந்தார். நானுஓயா இறக்கத்தில் நம் பஸ்கள் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். ஹெல்மெட்டை இந்தச் சனிக்கிழமைக்கு முன் வாங்கிக் கொடுங்கள்.

அப்புறம், அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனதும் அவனை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஹீமோகுளோபின் பாருங்கள். அவன் வயதுக்கு 13க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். இரும்பு மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். தலைசுற்றலுக்கு வேறு காரணமும் இருக்கலாம், அதையும் அவரிடம் சொல்லுங்கள். ரிப்போர்ட் வரும் வரை அவன் ஏற்றம் ஏற வேண்டாம், கோபித்துக்கொள்வான், பரவாயில்லை. அம்மாவையும் கூடவே கூட்டிப்போங்கள், தனக்கு ஒன்றுமில்லை என்பார், விடாதீர்கள். ரெண்டு பேருடைய ரிப்போர்ட்டும் வந்ததும் எழுதுங்கள், எந்தச் சைக்கிள் என்று அப்போது பேசலாம்.

அன்புடன்,
அக்கா