பிள்ளைகள், நாங்கள், வயதான அம்மா எல்லோரும் சேர்ந்து விளையாட ஒரு புதிரோ விளையாட்டோ சொல்லுங்களேன்? பிள்ளைகள் பத்து நிமிடத்தில் சலித்துப்போய்ப் போனைத் தேடுகிறார்கள்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். முதலில் ஆயிரம் துண்டு ஜிக்சா ஒன்று வாங்கி வந்தேன். அரண்மனைப் படம், அதில் பாதிக்கு மேல் நீல வானம். முதல் நாள் ஐந்து பேரும் குனிந்து தேடினோம், நான்காம் நாள் நான் மட்டும். சாப்பாட்டு மேசையைப் பதினைந்து நாள் அது பிடித்துக்கொண்டதில் தட்டோடு தரைக்கு வந்தோம். இப்போது பெட்டி பரண் மேல். எட்டு வயதுப் பையன் இருக்கிற வீட்டுக்கு 100 துண்டு போதும் என்பது அப்புறம் வந்த புத்தி.

ஒட்டிக்கொண்டது தாயம்தான். அம்மா ஊரிலிருந்து வந்தபோது பையில் பழைய பித்தளைக் கட்டை இரண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். ஹாலில் சாக்பீஸால் கட்டம் போட்டு உட்கார்ந்ததுமே சண்டை. எதிராளி காய் ஒன்றையாவது வெட்டினால்தான் உள் கட்டத்துக்குப் போகலாம் என்கிறார் அம்மா. என் மனைவி வீட்டில் அப்படி ஒரு சட்டமே கிடையாதாம். அரை மணி நேரம் வாக்குவாதம். பிள்ளைகள் இரண்டும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மகள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் 'நம் வீட்டுச் சட்டம்' என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். வெட்டு கட்டாயம். அம்மா ஜெயித்தார். உங்கள் வீட்டிலும் ஊருக்கு ஒரு சட்டம் இருந்தால் விளையாடுவதற்கு முன்பே அதைப் பேச விடுங்கள், அதுவே பாதி விளையாட்டு.

ஒன்று விழுவதற்கும் தாயம் என்றுதான் பெயர், அது விழாமல் காய் இறங்காது. ஒரு நாள் மகனுக்கு எட்டு முறை உருட்டியும் விழவில்லை. "கட்டை சரியில்லை" என்று அழுகை. "அப்பத்தாவுக்குக் கைராசி இருக்குடா" என்றார் அம்மா. ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் விடவில்லை. ஒரு கட்டையில் நான்கு பக்கம்: வெறுமை, ஒரு புள்ளி, இரண்டு, மூன்று. இரண்டு கட்டைக்கும் சேர்த்துப் பதினாறு விதமாக விழலாம். தரையிலேயே 4க்கு 4 கட்டம் போட்டு நிரப்பினாள். தாயம், அதாவது ஒன்றும் வெறுமையும், இரண்டே கட்டத்தில்தான் வந்தது. மூன்று என்ற எண் நான்கு கட்டத்தில். இரண்டும் நான்கும் மும்மூன்று. ஐந்துக்கு இரண்டு. ஆறுக்கு ஒன்று, இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் எண்ணும் பன்னிரண்டுக்கு ஒன்று. ஆக எட்டுக்கு ஒரு தடவை என்பதுதான் தாயத்தின் கணக்கு. அப்படியென்றால் எட்டு முறை போட்டால் கட்டாயம் விழ வேண்டும் அல்லவா என்றான் மகன். இல்லை. எட்டு முறையும் விழாமல் போக நூற்றுக்கு 34 வாய்ப்பு உண்டு. கால்குலேட்டரில் எட்டில் ஏழை எட்டு முறை பெருக்கிக் காட்டினேன். அழுகை நின்றது. அம்மா மட்டும் அசையவில்லை: "கணக்கெல்லாம் சரிதான், அது கட்டைக்குத் தெரியுமா?"

தாயத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடம் இருப்பதால் எட்டு வயதுக்காரன் எழுபது வயதுக்காரரை நிஜமாகவே ஜெயிக்கலாம். நாம் விட்டுக்கொடுத்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், அன்றோடு ஆர்வம் போய்விடும். அதனால்தான் எங்கள் வீட்டில் செஸ் எடுபடவில்லை.

அதிர்ஷ்டமே வேண்டாம், மூளைக்கு வேலை வேண்டும் என்றால் ஆடுபுலி ஆட்டம். 23 புள்ளி, மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டித் தின்னும், ஆடுகள் புலியை நகர விடாமல் அடைக்கப் பார்க்கும். நாங்கள் புலிக்குச் சோழி, ஆட்டுக்குப் புளியங்கொட்டை வைக்கிறோம். பதினைந்து ஆட்டையும் இறக்கி முடிக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்த முடியாது. பிள்ளைகள் இருவரும் ஒரே கட்சியாக ஆடு, நான் புலி. "மூலையில வை, அதைத் தாண்ட அந்தப் பக்கம் இடமே இல்லை" என்று அக்கா தம்பிக்குக் காதில் சொல்வது எனக்கும் கேட்கும், கேட்காத மாதிரி இருப்பேன். முதல் சில நாள் ஆடுகளைத் தின்று தீர்த்தேன். இப்போது பெரும்பாலும் என் புலிகள்தான் அடைபடுகின்றன.

கரண்ட் போனால், காரில் போனால், விடுகதை. அதற்கு அம்மா ஒருவர் போதும்.

தாயக்கட்டை பாத்திரக் கடையில் கேட்டுப் பாருங்கள். கிடைக்கும்வரை நான்கு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியத் தரையில் தேய்த்துக்கொள்ளுங்கள். எத்தனை வெள்ளை மேலே விழுகிறதோ அதுதான் எண். இதிலும் மொத்தம் பதினாறு விதம்தான், ஆனால் ஒன்று விழ எத்தனை வழி என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். என் மகள் எண்ணி முடித்து நான்கு என்றதும், மகன் எழுந்துபோய்ப் பித்தளைக் கட்டையை ஒளித்துவைத்துவிட்டு வந்தான்.