இரண்டாவது பைபாஸில் காலின் சிரைக்குப் பதிலாகத் தமனிகளைப் பயன்படுத்துவது நல்லதா?

முதல் பைபாஸில் தந்தைக்குக் காலிலிருந்து எடுத்துப் பொருத்திய சிரைகள் அடைத்துக்கொண்டன, மறுபடியும் அறுவை சிகிச்சை என்கிறார்கள், இம்முறை தமனிகளையே பொருத்தச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதய அறுவை சிகிச்சை செய்பவன் என்ற முறையில் என் பதில்: சொல்லலாம், ஆனால் எந்தத் தமனியை எந்த இடத்துக்கு என்பதை மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய சிரை, தமனியின் அழுத்தத்தைத் தாங்கும்போது அதன் உட்சுவர் தடித்து, பிறகு கொழுப்பும் படிகிறது. பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிச் சிரைகள் அடைத்துவிடுகின்றன. மார்பெலும்பின் பின்னால் ஓடும் இடது உள் மார்புத் தமனியோ, இதயத்தின் முன்புறம் இறங்கும் எல்.ஏ.டி. தமனியோடு இணைக்கப்பட்டால், அதே காலத்துக்குப் பிறகும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கிறது. ஆகவே நான் முதலில் பார்ப்பது, முதல் அறுவையில் அந்த இடது மார்புத் தமனி பயன்படுத்தப்பட்டதா என்பதையே. பயன்படுத்தாமல் விட்டிருந்தால், இரண்டாவது அறுவையின் மிகப் பெரிய பலன் அதை எல்.ஏ.டி.யில் இணைப்பதில்தான் இருக்கிறது. ஏற்கெனவே இணைக்கப்பட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், மற்ற அடைப்புகளுக்கு ஸ்டென்ட் போதுமா என்று முதலில் யோசிப்பதே முறை. ஏனெனில் பழைய தழும்பினால் அந்தத் தமனி மார்பெலும்பின் உட்புறத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும், எலும்பை அறுக்கும்போது அது காயப்பட்டால் இதயத்தின் உயிர்நாடியே அறுபட்டதுபோல் ஆகிவிடும். அறுவைக்கு முன் சி.டி. ஸ்கேன் எடுப்பது பெரும்பாலும் இதற்காகத்தான்.

இன்னொரு நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. பாதி அடைபட்டாலும் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் பழைய சிரையை நீக்கிவிட்டு, மெல்லிய தமனியை மட்டும் பொருத்தினால், அதுவரை அந்தச் சிரையை நம்பியிருந்த தசைக்கு உடனடியாகப் போதிய இரத்தம் கிடைக்காமல் போகலாம். அதனால் சிரையை அப்படியே விட்டுவிட்டு, தமனியைக் கூடுதலாக இணைப்பது உண்டு. ஆனால் பழைய சிரைக்குள் இருக்கும் கொழுப்புத் துகள்கள், கை பட்டாலே உதிர்ந்து கீழே உள்ள தமனியை அடைக்கக்கூடியவை என்பதால், அதைத் தொடாமல் வேலை செய்யும் பொறுமை வேண்டும்.

அடுத்துக் கைகொடுப்பது முன்கையின் ரேடியல் தமனி. மணிக்கட்டில் இரு தமனிகளையும் அழுத்திப் பிடித்து, உள்ளங்கை வெளுத்ததும் சுண்டுவிரல் பக்கத் தமனியை மட்டும் விடுவோம். சில நொடிகளில் நிறம் திரும்பினால், அந்த ஒரு தமனியே கைக்குப் போதும் என்று ஓரளவு நம்பலாம். ரேடியல் தமனி எளிதில் இறுகிச் சுருங்கும் இயல்புடையது, இதனாலேயே 1970களில் கைவிடப்பட்டு, 1990களில், இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் கால்சியம் தடுப்பு மருந்துகளின் துணையோடு மீண்டு வந்தது. இதயத் தமனியின் அடைப்பு கடுமையாக இருக்கும் இடத்தில்தான் அதைப் பொருத்த வேண்டும். அடைப்பு மிதமாக இருந்தால் இயற்கையான ஓட்டத்தோடு போட்டியிட்டு அது சுருங்கிவிடும்.

இரு பக்க மார்புத் தமனிகளையும் எடுப்பது கவர்ச்சியான யோசனைதான், ஆனால் அவைதான் மார்பெலும்புக்கும் இரத்தம் தருபவை. சர்க்கரை நோயும் உடல் பருமனும் உள்ளவர்களுக்கு எலும்பு சேராமல் புண்ணாகும் அபாயம் கூடுவதால், அவர்களிடம் நான் தயங்குவேன். எல்லாக் குழாய்களும் தமனியாகவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. வயதானவருக்கு, சிறிய கிளைகளுக்கு, நல்ல சிரை கிடைத்தால் அதுவே போதும்.

தந்தைக்கு இனி ஆஞ்சியோகிராம் எடுக்க நேர்ந்தால், கம்பி செலுத்தப்பட்ட ரேடியல் தமனியின் உட்சுவர் சேதமடைந்திருக்கக்கூடும் என்பதால், அதைப் பைபாஸ் குழாயாகப் பயன்படுத்துவதைத் தவிர்ப்போம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். எந்தக் கைத் தமனியை அறுவைக்காக விட்டுவைப்பது என்று முன்கூட்டியே கேட்டு, அந்தக் கையைத் தவிர்த்துத் தொடை வழியாகவோ மறு கை வழியாகவோ செய்ய முடியுமா என்று இதய மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.